மயக்கத்தில் கிடப்பவரின் கால்: கையா, சைக்கிளா, கரண்டா?

வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இங்கே உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு ஏதாவது செய்யக் கிளம்பும்போது, பேச்சு ஐசியூ பக்கம் திரும்பினால், இப்போது அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டிலில் பூட்டி, மயக்கத்தில் கிடக்கிறவரின் இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது மாதிரிச் சுற்றிவிடுகிற மெஷின் இருக்காமே, அதை வாங்கித் தரலாமா? இதே கேள்வி இன்னொரு வாசலாலும் வரும். அப்பா வென்டிலேற்றரில் இருக்கிறார், மருந்து கொடுத்து நித்திரையில் வைத்திருக்கிறார்கள், ரொறன்ரோவில் இருக்கிற மகன் போனில் "அங்க மெஷின் ஒண்டும் இல்லையோ, காலைச் சும்மா போட்டு வச்சிருக்கினமோ" என்று சத்தம் போடுகிறார், இங்கே ஐசியூ வாசலில் நிற்கிற தங்கச்சிக்கு அண்ணாவுக்கு என்ன பதில் சொல்வதென்று விளங்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட், வேலை யாழ்ப்பாணத்தில். என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏன் என்று பார்ப்போம். மயக்கத்தில் இருக்கிறவரின் காலை நாங்கள் அசைப்பது ஒரு காவல் வேலை. அந்தக் கால் தானாகத் தள்ளத் தொடங்குகிற நாள் ஒன்று வரும். அந்த நாளை எந்த முறை முதலில் பிடிக்கிறதோ, எந்த முறை அதை முன்னுக்கு இழுத்துவருகிறதோ, அதுக்குத்தான் என் வோட்டு. எத்தனை பாகை மடித்தோம், எத்தனை நிமிடம் சுற்றினோம் என்பதெல்லாம் அதுக்கு அடுத்துத்தான்.

காலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மெஷின்களை ஒப்பிட்டால் விலையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கான் பண்ணி அளந்து 2013இல் வெளியிட்டார்கள். ஐசியூவுக்கு வந்து பத்து நாளில் தொடையின் முன்பக்கத் தசையின் குறுக்களவு ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு உறுப்பு மட்டும் பழுதானவர்களை விட, நுரையீரல், சிறுநீரகம் என்று பல உறுப்புகள் ஒன்றாக விழுந்தவர்களுக்கு இழப்பு இன்னும் கூட. அப்படியென்றால் தசை கரைவதற்குக் காரணம் ஆடாமல் அசையாமல் கிடப்பது மட்டும் இல்லை. உடம்பு முழுக்கப் பரவிய அழற்சி, உடம்பு தன் சொந்தப் புரதத்தையே உடைத்துச் செலவழிப்பது, மூளையில் இருந்து தசைக்குக் கட்டளை வராமல் நிற்பது, எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. காலை வெளியில் இருந்து ஆட்டினால் இதில் ஒரு சின்னப் பங்கைத்தான் தொடலாம்.

மூட்டின் கதை வேறு. கனடாவில் இரண்டு கிழமையோ அதற்கு மேலோ ஐசியூவில் கிடந்த 155 பேரைப் பற்றி 2008இல் வந்த ஆய்வில், வெளியே வரும்போது 39 சதவீதமானவர்களுக்கு ஏதாவது ஒரு மூட்டாவது இறுகிப் போயிருந்தது. முழங்கையும் கணுக்காலும்தான் முன்னணியில். கணுக்கால் இறுகி, பாதம் கீழ்நோக்கித் தொங்கிய நிலையில் நின்றுவிட்டால், நுரையீரல் சுகமாகி, ரியூப் கழற்றி, வாட்டுக்கு மாறிய பிறகும் அந்த மனுசர் குதிக்கால் நிலத்தில் முட்டாமல் நிற்கப் படுகிற பாடு சொல்லி மாளாது.

ஆகவே "காலை ஆட்டினால் தசை ஏறும்" என்ற நம்பிக்கையை முதலில் கழற்றி வைக்க வேண்டும். வண்டில் பிடித்து நல்லூருக்குப் போனவரை நடந்து போனார் என்று நாங்கள் சொல்வதில்லை. காலை இன்னொருவர் தூக்கி மடிக்கும்போது அங்கே வேலை செய்வது அந்த இன்னொருவரின் தோள்தான்.

சரி, முதலாவது தெரிவு, கை. பிசியோவோ தாதியோ ஒரு கையைக் குதிக்காலுக்குக் கீழேயும் மற்றக் கையை முழங்காலுக்குப் பின்னாலேயும் கொடுத்து, இடுப்பையும் முழங்காலையும் மெதுவாக மடித்து நீட்டுவது. பிறகு முழங்காலை நீட்டியபடியே வைத்து, குதிக்காலை உள்ளங்கையில் ஏந்தி, முன்னங்கையால் பாதத்தை மேல்நோக்கித் தள்ளி அரை நிமிடம் பிடிப்பது. காலைப் பக்கவாட்டில் அகட்டி உள்ளே கொண்டுவருவது. ஒவ்வொரு மூட்டுக்கும் ஐந்து முதல் பத்துத் தடவை, அவசரப்படாமல். செலவு என்று பார்த்தால் கையுறையும் நேரமும்தான். இரண்டு காலுக்கும் சேர்த்துக் கால் மணித்தியாலம் போதும், ஆனால் ஆள் பற்றாத ஆஸ்பத்திரியில் அந்தக் கால் மணித்தியாலம் எங்கிருந்து வரும் என்பதுதான் பிரச்சினையே. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையில் இருந்து எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், போனவர்களின் இடத்தை நிரப்புவது இலேசான காரியம் இல்லை.

இதில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குச் சில நிமிடம் கையால் நீட்டி மடிப்பதால் மூட்டு இறுகாது என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. பக்கவாதம் மாதிரியான நரம்பு நோயாளிகளில் செய்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017ஆம் ஆண்டு அலசல், மூட்டை இழுத்து நீட்டுவதால் சொல்லும்படியான பலன் இல்லை என்றே முடித்தது. மறுபக்கம், வெளி அசைவு தசைக்கு உண்மையில் ஏதோ செய்திருக்கிறது என்று காட்டிய ஆய்வு 1995இல் வந்தது. தசையை முற்றாகத் தளர்த்தும் மருந்தில் இருந்த ஐந்தே ஐந்து பேர், ஒரு காலை மட்டும் மெஷினில் போட்டு அசைத்தார்கள், மற்றக் காலை விட்டுவிட்டார்கள். அசைத்த காலில் தசை நார் கரைவது குறைந்திருந்தது. ஆனால் எவ்வளவு நேரம் அசைத்தார்கள் தெரியுமோ? ஒரு தடவைக்கு மூன்று மணித்தியாலம், நாளைக்கு மூன்று தடவை, மொத்தம் ஒன்பது மணித்தியாலம். எந்தக் கையாலும் அது ஏலாது.

அப்படியிருந்தும் கையை நான் முதலாவதாக வைப்பதற்குக் காரணம், காலைத் தொடுகிற கை காலைப் பரிசோதிக்கவும் செய்கிறது. நேற்று இருந்ததை விட இடது கெண்டைக்கால் தடித்துச் சூடாக இருந்தால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம் என்று டொக்டரிடம் சொல்ல அதே நேரத்தில் ஆள் இருக்கிறது. குதிக்காலில் சிவப்பு விழுந்து அமத்தினாலும் வெளிறாமல் நின்றால், படுக்கைப் புண் தொடங்குகிறது. கால் வெளிப்பக்கம் சரிந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புற எலும்பு கட்டில் சட்டத்தில் அமத்திக்கொண்டு கிடந்தால், அங்கே தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்பு நசிந்து பாதம் தொங்கிவிடும், ஒரு சின்னத் துவாயை மடித்து வைத்தால் அது தவிரும். எல்லாவற்றையும் விட முக்கியம், முழங்காலை மடித்துக்கொண்டு போகும்போது ஒரு நாள் உங்கள் கைக்கு எதிராக ஒரு சின்னத் தள்ளல் வரும். மொனிற்றரில் அது தெரியாது. கைக்குத்தான் தெரியும். அன்றைக்கே "அண்ணை, காலைத் தள்ளுங்கோ, இன்னொருக்கால்" என்று கேட்கத் தொடங்கலாம். அந்த நிமிடத்தில் இருந்து அது அசைக்கப்படுகிற பயிற்சி இல்லை, அவர் செய்கிற பயிற்சி.

இரண்டாவது, முழங்காலை மடித்து நீட்டுகிற மெஷின். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு எலும்பு முறிவு வாட்டுகளில் பாவிப்பது. காலைத் தொட்டில் மாதிரியான சட்டத்தில் கட்டிவிட்டால் சொன்ன வேகத்தில், சொன்ன பாகைக்கு மணித்தியாலக் கணக்கில் ஆட்டிக்கொண்டிருக்கும். கையால் முடியாத நீண்ட நேரத்தை இது தரும், அதுதான் இதன் ஒரே பெரிய பலம். குறை என்றால், ஒரு தடவைக்கு ஒரு கால்தான், அதிகம் இறுகுகிற கணுக்காலை இது அநேகமாகத் தொடுவதே இல்லை, பட்டி இறுக்கினால் தோல் உரியும், நோயாளியைப் பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில் எல்லாம் கழற்றிப் பூட்ட வேண்டும். எங்காவது ஒரு மூலையில் சும்மா நிற்கிறது என்றால் எடுத்துப் பாவிக்கலாம். இதற்கென்று காசு சேர்க்க நான் சொல்லமாட்டேன்.

இனி எல்லோரும் கேட்கிற சைக்கிள். கட்டிலின் கால்மாட்டில் உருட்டிக்கொண்டு வந்து பூட்டுவார்கள், பாதங்களை மிதியில் வைத்துப் பட்டி போட்டுவிட்டால் மோட்டர் சுற்றும். இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பெல்ஜியத்தில் லூவன் நகரில் 90 பேரில் செய்து 2009இல் வெளியான ஆய்வு. நாளைக்கு 20 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், மயக்கத்தில் உள்ளவர்களுக்கு நிமிடத்துக்கு 20 சுற்று என்று மெஷினே சுற்றியது, விழித்தவர்கள் தாங்களே மிதித்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது சைக்கிள் குழு ஆறு நிமிடத்தில் 196 மீற்றர் நடந்தது, மற்றக் குழு 143 மீற்றர். நல்ல வித்தியாசம்தான். ஆனால் இந்த ஆய்வைக் காட்டி மெஷின் விற்கிறவர்கள் சொல்லாமல் விடுகிற இரண்டு விசயம் இருக்கிறது. ஐசியூவை விட்டு வாட்டுக்குப் போன நேரத்தில் இரண்டு குழுவுக்கும் தொடைப் பலத்தில் வித்தியாசம் இருக்கவில்லை, அது பிறகுதான் தெரிந்தது. அதோடு, அந்த 20 நிமிடத்தில் எவ்வளவு மெஷின் சுற்றியது, எவ்வளவு நோயாளி மிதித்தது என்று பிரித்துப் பார்க்காமல் பாராட்டை முழுக்க மோட்டருக்குக் கொடுக்கக் கூடாது.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. பிரான்சில் 314 பேரில் சைக்கிளையும் தொடைக்குக் கரண்ட் கொடுப்பதையும் சேர்த்துச் செய்து 2018இல் வெளியிட்டார்கள், ஐசியூவை விட்டுப் போகும்போது தசைப் பலம் கூடவில்லை. கனடாக்காரர் தலைமையில் 360 பேரில் நடந்து 2024இல் வந்த ஆய்வில், வழமையான பிசியோவோடு நாளைக்கு 30 நிமிடம் சைக்கிளும் கொடுத்துப் பார்த்தார்கள், ஐசியூவை விட்டு மூன்றாம் நாள் உடல் இயக்கத்தில் வித்தியாசம் இல்லை. அண்ணா ரொறன்ரோவில் இருந்துகொண்டு "இங்க எல்லாம் மெஷின்தான்" என்று சொல்லும்போது, அவருடைய நாட்டுப் பிசியோக்களே இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம், கொஞ்சம் மரியாதையாக.

ஆனால் சைக்கிள் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பில் அது நல்ல பெயர் எடுத்திருக்கிறது. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த 19 பேருக்கு முதல் மூன்று நாளுக்குள்ளேயே 20 நிமிடம் சுற்றிப் பார்த்து 2013இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எதிலும் பயப்படும்படியான மாற்றம் இல்லை. இரண்டாவது, நல்ல மெஷின்களில் திரையில் நோயாளி தானாக எவ்வளவு மிதிக்கிறார், இடதா வலதா கூட என்று காட்டும். கைக்குத் தெரிகிற அந்தச் சின்னத் தள்ளலை இதுவும் பிடிக்கும், ஆனால் ஒருவர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான். பூட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் அது காலைச் சுற்றுகிற ஒரு மோட்டர், அவ்வளவும்தான். ஆள் பற்றாத இடத்தில் ஆளுக்குப் பதிலாக மெஷின் என்று வாங்குகிறார்கள், வாங்கிய பிறகு பார்த்தால் பூட்ட, கழற்ற, துடைக்க, பக்கத்தில் நிற்க என்று கையால் செய்வதை விடக் கூட நேரம் போகிறது. விலை பல இலட்சம் ரூபாய். பழுதானால் கொழும்பில் இருந்து ஆள் வர வேண்டும், பாகம் எங்கோ வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். இறக்குமதி நின்றுபோன 2022இல் கையுறைக்கே தட்டுப்பாடு என்றால் சைக்கிள் மோட்டருக்கு யார் அலுவல் பார்ப்பது? அன்பளிப்புப் பலகையில் பெயர் மினுங்கிக்கொண்டிருக்க, மெஷின் துணி போர்த்தி ஸ்ரோர் ரூமில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லாத கதை.

கரண்ட் கொடுப்பது, அதாவது தொடையில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்துடிப்பால் தசையைச் சுருங்க வைப்பது, கேட்க நல்லாக இருக்கும், ஏனென்றால் மயக்கத்திலும் தசை உண்மையாகவே சுருங்குகிறது, மற்ற எந்த முறையும் அதைச் செய்வதில்லை. நடைமுறையில் ஐசியூ நோயாளிக்குக் கால் நீர் ஊறி வீங்கிக் கிடக்கும், கரண்ட் தசைக்குப் போகாமல் நீரில் பரவிவிடும், பட்டை ஒட்டிய இடத்தில் தோல் தாங்காது, பேஸ்மேக்கர் உள்ளவருக்குத் தொடக் கூடாது. கரண்டையும் சைக்கிளையும் இணைத்துச் செய்த ஆய்வுகள் 2021இல் மட்டும் இரண்டு வந்தன, பிராகில் 150 பேர், மற்றது 162 பேர். இரண்டிலும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. வாங்க வேண்டாம்.

இதற்குள் இன்னொன்றைக் கலந்து குழப்புகிறவர்கள் உண்டு, காலில் சுற்றிக் காற்று ஊதி ஊதி அமத்துகிற உறை. அது பயிற்சியே இல்லை, காலில் இரத்தம் கட்டாமல் இருக்கப் போடுவது. இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போகிற நோயாளிக்கு அதற்கு மேலே இதையும் போட்டால் கூடுதல் பலன் உண்டா என்று 2,003 பேரில் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள், இல்லை. இரத்தக் கசிவால் ஊசி போட முடியாதவருக்கு மட்டும் அது தேவைப்படும், அதை டொக்டர் சொல்லுவார்.

இப்போது ஒருவரும் வாங்கித் தர முடியாத தெரிவுக்கு வருகிறேன்: மயக்கத்தைக் குறைப்பது. மிடசோலமோ ப்ரொபொபோலோ மாதிரியான மயக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும் மட்டும் நாங்கள் காலை எப்படி ஆட்டினாலும் அது எங்கள் ஆட்டம்தான். 2000ஆம் ஆண்டிலேயே சிகாகோவில் 128 பேரில் காட்டிவிட்டார்கள், நாளுக்கு ஒரு தடவை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் வென்டிலேற்றரில் கிடக்கிற நாள் 7.3இல் இருந்து 4.9 ஆகக் குறைகிறது என்று. 2009இல் அதே ஆட்கள், எழுப்புகிற அந்த நேரத்திலேயே பிசியோவையும் தொடங்கினால் என்ன என்று 104 பேரில் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தன் வேலையைத் தானே செய்யக்கூடியவர்கள் 59 சதவீதம், மற்றக் குழுவில் 35. ஆழ்ந்த மயக்கத்தில் முதல் நிலை வெறும் கையால் காலை அசைப்பதுதான், விழித்தவுடன் கட்டிலோரத்தில் இருப்பது, பிறகு நிற்பது. மெஷின் ஒன்றும் இல்லை. 2023இல் அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வில், இப்படி நேரத்தோடு அசையத் தொடங்கியவர்களில் ஒரு வருடத்துக்குப் பிறகு நினைவு, யோசனை குழம்பியிருந்தவர்கள் 24 சதவீதம், மற்றவர்களில் 43. காலைப் பற்றி ஆரம்பித்த வேலை தலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதையும் அளவுக்கு மீறிப் பிடிக்கக் கூடாது. 2022இல் ஆறு நாடுகளில் 750 பேரில் நடந்த ஆய்வு, வழமையை விட இன்னும் அதிகமாக, இன்னும் நேரத்தோடு எழுப்பி நடக்க வைத்தால் கூடப் பலன் வருமா என்று பார்த்தது. வரவில்லை, பாதகமான சம்பவங்கள்தான் கூடின, 9.2 சதவீதம் எதிர் 4.1. ஆனால் அந்த ஆய்வில் "வழமை" என்று இருந்த குழுவே ஒவ்வொரு நாளும் ஓரளவு அசைக்கப்பட்ட குழு. ஒன்றுமே நடக்காத இடத்தில் இதைக் காட்டி "பார்த்தீர்களா, தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மயக்கத்தைக் குறைப்பது பிசியோவின் முடிவும் இல்லை, சொந்தக்காரர் கேட்டு வாங்குகிற சாமானும் இல்லை. மண்டையில் அடிபட்டு உள்ளே அழுத்தம் ஏறியவர், வலிப்பு நிற்காதவர், நுரையீரல் முற்றாக அடைத்துக் குப்புறப் படுக்க வைத்திருப்பவர், இவர்களை எழுப்ப ஏலாது. அவர்களுக்குக் கைதான், சில நாளில் அதுவும் இல்லை. இன்னொரு கூட்டம், எங்கள் பக்கத்துக்கே உரியது, மழை காலத்தில் பாயில் படுத்தபடி கட்டுவிரியன் கடித்து வருகிறவர்கள். விசம் ஏறித் தசையெல்லாம் சோர்ந்து, இமைகூடத் திறக்க முடியாமல், வென்டிலேற்றரில் கிடப்பார்கள். பார்க்க ஆழ்ந்த மயக்கம் மாதிரியே இருக்கும், ஆனால் மயக்க மருந்து இல்லாத நேரத்தில் உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம், நாங்கள் கதைப்பது கேட்கலாம். அவர்களின் காலைத் தொடுவதற்கு முன் "ஐயா, இப்ப வலது காலை மடிக்கப் போறன்" என்று சொல்லிச் செய்ய வேண்டும், தலைமாட்டில் நின்று "இனி எழும்ப மாட்டார் போல" என்று கதைக்கக் கூடாது. எல்லா நோயாளிக்கும் அப்படிச் சொல்லிச் செய்வதே நல்லது, யார் எந்த அளவு மயக்கத்தில் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

எப்போது ஒரு முறையும் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்தைத் தாங்குகிற மருந்தை மணிக்கு மணி ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஒக்சிசன் அளவு 90க்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும்போது, காலில் புதிதாக இரத்தக் கட்டி கண்டு மருந்து தொடங்காத நிலையில், பிணைக்காத எலும்பு முறிவில், காலைத் தொட வேண்டாம். அரையில் கவட்டுப் பக்கம் ரியூப் போட்டிருந்தால், உதாரணமாக இரத்தச் சுத்திகரிப்புக்கு, எலிக்காய்ச்சல் முற்றிச் சிறுநீரகம் நின்றவர்களுக்கு இங்கே மழை முடிகிற மாதங்களில் அது அடிக்கடி நடக்கும், இடுப்பை எவ்வளவு மடிக்கலாம் என்று டொக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இவ்வளவு எச்சரிக்கை சொன்னாலும் இது ஆபத்தான வேலை இல்லை. 22,000க்கு மேற்பட்ட அசைவுப் பயிற்சிகளைத் திரட்டிப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசலில், ஏதாவது பிசகியது 2.6 சதவீதத்தில் மட்டும், அதிலும் பெரும்பாலானவை நிறுத்தியதும் சரியானவை.

சொந்தக்காரர் செய்யலாமா என்று கேட்பீர்கள். பார்வை நேரத்தில் உள்ளே விட்டு, தாதி ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தந்தால், கணுக்காலை மேலே தள்ளிப் பிடிப்பதை மட்டும் செய்யலாம். "மிஸ், நான் அப்பாவின்ரை பாதத்தைக் கொஞ்சம் பிடிச்சு விடட்டோ" என்று கேளுங்கள், பலர் ஓம் என்பார்கள், சில இடத்தில் கிருமி பரவும் என்று மறுப்பார்கள், மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். முழங்காலையும் இடுப்பையும் எங்களுக்கு விட்டுவிடுங்கள். எண்ணெய் பூசி உருவி விடுவது கட்டாயம் வேண்டாம், கெண்டைக்காலில் இரத்தம் கட்டியிருந்தால் அது நுரையீரலுக்கு ஓடிவிடும் பயம் இருக்கிறது, அது அம்மம்மா சொன்ன வைத்தியமாக இருந்தாலும்.

சங்கங்களுக்கு இனி. ஆறேழு கட்டில் உள்ள ஆதார வைத்தியசாலை ஐசியூ என்றால் சைக்கிள் வாங்காதீர்கள். அந்தக் காசில் பின்பக்கம் சாய்த்து நிமிர்த்தக்கூடிய, ரியூப் கழலாமல் நோயாளியை இருத்தக்கூடிய நல்ல கதிரை ஒன்று, கட்டிலில் இருந்து இழுத்து மாற்றும் வழுக்குத் துணி, உயரமான நடைச் சட்டம், குதிக்காலைக் கட்டிலில் முட்டாமல் தூக்கி வைக்கிற மெத்தைகள், பாதத்தை நேராக நிறுத்துகிற பூட்ஸ், இவ்வளவும் வாங்கலாம், மிச்சமும் வரும். இவை எல்லாம் அந்தத் தள்ளல் வந்த அடுத்த நாளுக்குத் தேவைப்படுகிற சாமான்கள், பழுதானால் இங்கேயே திருத்தலாம். ஆளைப் போட்டுத் தருகிறோம் என்று சில சங்கம் கேட்கும், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆள் நியமனம் அரசாங்கத்தின் கையில், வெளியில் இருந்து காசு அனுப்பிச் செய்கிற காரியம் இல்லை.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி மாதிரி, வடக்கு முழுக்க இருந்து நோயாளிகள் வந்து சேருகிற இடத்தில், கிழமைக் கணக்கில் கிடப்பவர்கள் எப்போதும் இருக்கிற இடத்தில், சைக்கிளுக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கேயும் நான் அதை ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளவருக்கு முதலில் கொடுக்கமாட்டேன். மருந்து குறைந்து, கண் திறந்து, சொன்னதைப் பாதி விளங்கிக்கொண்டு, ஆனால் எழுந்து நிற்கப் பலம் இல்லாமல் இருக்கிற அந்த இடைநடுவில் கொடுப்பேன், மோட்டரைக் குறைத்துக் குறைத்து அவர் மிதிக்கிற பங்கைக் கூட்டிக்கொண்டு போவேன். அதற்கு வாங்குவதென்றால் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முதல் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். பெரியாஸ்பத்திரி கொழும்பு அமைச்சின் கீழ் வருகிறது, பல ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ், யாரிடம் அனுமதி என்பது அதைப் பொறுத்து மாறும், சாமான் துறைமுகத்துக்கு வந்த பிறகு அதைத் தேடிக்கொண்டு ஓட வேண்டாம். கடிதத்தில் மூன்று விசயம் கேளுங்கள்: இப்போது மயக்கத்தில் இருப்பவர்களின் காலைக் கையால் அசைப்பது ஒவ்வொரு நாளும் நடக்கிறதா, சனி ஞாயிறில் யார் செய்கிறார்கள், மெஷின் வந்தால் அதைப் பூட்டி நிற்கப் போகிறவர் யார். முதல் இரண்டுக்கும் ஆளின் பெயரோடு பதில் வந்தால் மூன்றாவதைப் பற்றிக் கதைக்கலாம். வராவிட்டால் கதிரையை வாங்குங்கள்.